கோரிக்கை மனு: சான்றின் அடிப்படையில் முடிவெடுக்கும் இணையவழிப் பயிற்சியைக் களப்பணியாளர்களுக்குத் தமிழில் வழங்கக் கோருதல்

அனுப்புநர்
சுகாதார ஆய்வாளர்,
இராதாபுரம் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
சென்னை - 600006.

வழி: மாவட்ட சுகாதார அலுவலர், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தாமிரபரணி பாயும் மாவட்டம் என்று பெயர் இருந்தாலும், எங்கள் தேரிக்காட்டு ஊர்களில் குழாய்த் தண்ணீர் வரும் நாளை எண்ணித்தான் குடும்பம் நடக்கிறது. வீட்டுக்கு வீடு டிரம், சிமெண்ட் தொட்டி, குடம் என்று தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் பெருக அதுவே போதும்.

சென்ற பருவமழையின்போது ஓர் ஊரில் காய்ச்சல் பரவியது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். கொசுப்புழுக்கள் சாக்கடையில் இல்லை. பின்கட்டில் மூடி போடாத டிரம்களில் நெளிந்தன. ஆனால் ஊர் முழுவதும் கேட்டது புகை மருந்து. புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் கிடக்கும் புழு 7 முதல் 10 நாட்களுக்குள் கொசுவாகிவிடும். காய்ந்த தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டையோ மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இவை எனக்குத் தெரியும். காய்ச்சல் பட்டியலும் புழுக் கணக்கும் கையிலேயே இருந்தன. ஆயினும் அந்த இரண்டையும் பொருத்தி, "முதலில் இந்தத் தெரு, இத்தனை ஆட்கள்" என்று ஊரார் முன்னும் மேலதிகாரிகள் முன்னும் ஆதாரத்தோடு எடுத்துவைக்க எனக்குத் தெரியவில்லை. புகை அடித்தோம். இரண்டு வாரத்தில் அதே தெருவில் மறுபடியும் காய்ச்சல். ஏழு வயதுக் குழந்தை ஒன்றைப் பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்து வந்துவிட்டாள். அந்தத் தாயின் முகத்தை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

நூறு வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருக்கிறது என்பதைக் காட்டுவது பிரட்டோ குறியீடு. அதைக் கணக்கிட்டுப் படிவத்தில் நிரப்பி மேலே அனுப்புகிறோம். அந்த எண் எங்கள் ஊரைப் பற்றி என்ன சொல்கிறது என்று படிக்க எங்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்துக்குப் பிறகும் இதே நிலைதான். எந்தக் கிணற்றுக்கு முதலில் குளோரின் இடுவது, தண்ணீரில் இறங்கி வேலை செய்தவர்களில் யாருக்கு முதலில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் அனுமானத்தால் முடிவு செய்தோம்.

சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழிப் படிப்புகளை நடத்துகிறது. அவை ஆங்கிலத்தில் இருப்பதால் எங்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறோம். உலகெங்கும் நடந்த மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் கோக்ரேன் அமைப்பின் எளிய சுருக்கங்கள் சில தமிழிலேயே கிடைக்கின்றன. அவற்றைத் தேடி எடுக்கவும், எவ்வளவு நம்பலாம் என்று எடைபோடவும் வழிகாட்டத்தான் ஆள் இல்லை.

ஆகவே, சான்றின் அடிப்படையில் முடிவெடுக்கும் பயிற்சியைத் தமிழில், கைப்பேசியில் படிக்கும்படி அமைத்துத் தர வேண்டுகிறேன். பாடங்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும். காரையாறு, சேர்வலாறு மலைப்பகுதிகளின் காணி பழங்குடியினர் குடியிருப்புகளுக்குப் போகும் செவிலியருக்கு வழியெங்கும் சிக்னல் கிடைக்காது. வாரம் இரண்டு மணி நேரத்தைப் பணி நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். பகலெல்லாம் வெயிலில் அலைந்துவிட்டு, இரவில் பிள்ளைகளை உறங்கவைத்த பிறகு படி என்றால் யாராலும் முடியாது. பயிற்சிக் கணக்குகள் எங்கள் வட்டாரத்தின் சொந்தப் பதிவேடுகளிலிருந்தே வரட்டும். ஐயம் கேட்க, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை ஆசிரியர்களைப் பொறுப்பாக்கலாம். கிராம சுகாதார செவிலியர்களோடு கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும். டிரம்மின் மூடியைத் திறந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் முதல் அணிக்கான பயிற்சியை எங்கள் மாவட்டத்தில் தொடங்க ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுகாதார ஆய்வாளர்

இடம்: இராதாபுரம்
நாள்: 9.6.2025