இழைப்புளியின் அடி குழிவு: மாற்றித் தாருங்கள், இல்லை பணத்தைத் தாருங்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் உங்கள் கடையில் 65 வெள்ளிக்கு நம்பர் 4 அளவு இரும்பு இழைப்புளி வாங்கினேன். ரசீதும் படங்களும் இணைத்திருக்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மின்சார இழைப்புளியை ஓட்டினால் மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் வந்து கதவைத் தட்டும், அதனால்தான் கையால் தள்ளுவது. விலை குறைந்த சாமானில் பிளேடு மழுங்கலாக வரும், பிடி சொரசொரப்பாக இருக்கும், அதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். பிளேடை 1000, 6000 நம்பர் தீட்டுக்கல்லில் நானே தீட்டிக்கொண்டேன், அதில் எந்தக் குறையும் சொல்லவில்லை.

குறை அடிப்பகுதியில். நீளவாக்கில் எஃகு ஸ்கேலை வைத்தால் பிளேடு வெளியே வரும் வாய்ப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது, 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது. நல்ல சீவலின் கனமே 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வராது, இங்கே குழி அதைப்போல நான்கு மடங்கு! முன்னும் பின்னும் மட்டும் மரத்தில் உட்கார்ந்து, பிளேடு இருக்கிற இடம் அந்தரத்தில் நிற்கிறது. கொஞ்சமாக இறக்கினால் பிளேடு மரத்தையே தொடாது, தொடும்வரை இறக்கினால் பலகை முனையைத் தாண்டும்போது சட்டென்று ஆழமாகக் கடிக்கிறது, பிளேடுக்கு முன்னால் மரத்தை அழுத்திப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் மெரான்டி பலகையில் நார் நாராகப் பிய்கிறது.

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர், கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார். வார்ப்பிரும்பில் அவ்வளவு ஆழத்தைக் கையால் எடுப்பது எத்தனை மணி நேர வேலை என்று அவரே செய்து பார்க்கட்டும். அப்புறம், மாற்றம் செய்த பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று உங்கள் ரசீதே சொல்கிறதே? (பிளேடு தீட்டியதை மாற்றம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.)

பெட்டியில் 'அடி சமமாக அரைக்கப்பட்டது, எடுத்தவுடன் பயன்படுத்தலாம்' என்று அச்சடித்து விற்றது நீங்கள்தான். குறையுள்ள பொருளுக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் இருக்கும் லெமன் சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லையென்று காட்டவேண்டியது விற்றவர். மாற்றித் தருவதானால் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்வேன், அது முடியாதென்றால் முழுப் பணமும் வேண்டும். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்திடம் போவேன்.

எந்த நாள் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்.