மாநாட்டுக்கு மாங்குளம் ஏன் ஆகாது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடமாகாண சங்கீத ஆசிரியர்களின் அடுத்த ஆண்டு மாநாட்டை எங்கே வைப்பது என்று ஆளுக்காள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஏ.சி. போட்ட கல்யாண மண்டபம் ஒன்று என்றுதான் முடியும் போலத் தெரிகிறது. முடிவதற்கு முன் வன்னிப் பக்கத்துக் கதையையும் ஒருக்கால் கேட்கட்டும் என்று இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால் மாங்குளம். ஒரு பெரிய பாடசாலையின் மண்டபமும் நாலைந்து வகுப்பறைகளும் போதும்.

ஏ9 வீதியும் முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியும் சந்திக்கிற இடம் மாங்குளம். அங்கிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர், வவுனியாவும் கிட்டத்தட்ட அதேயளவுதான், கிளிநொச்சி அதைவிடக் கிட்ட, யாழ்ப்பாணம் 100க்குக் கொஞ்சம் குறைய. ரயில் நிலையமும் இருக்கிறது. மன்னார்க்காரருக்கு மட்டும் அது சுலபமான இடம் என்று சொல்ல மாட்டேன், வெள்ளாங்குளத்தால் திரும்பி துணுக்காய், மல்லாவிப் பக்கத்தால் வரலாம், ஆனால் பஸ்ஸை நம்பி வருகிறவருக்கு அது பொறுமையைச் சோதிக்கிற பாதை, அவர்களுக்கு ஒரு வாகனம் ஒழுங்கு செய்யத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒன்பது மணிக்கு மங்கள விளக்கு என்றால் முல்லைத்தீவுக் கரையோரத்தில் படிப்பிக்கிற ரீச்சர் விடியமுன்னமே வெளிக்கிட வேண்டும், பின்னேரம் கடைசி பஸ்ஸை விடக்கூடாது என்று மூன்று மணிக்கே எழும்பிவிடவும் வேண்டும். மாநாட்டில் உருப்படியான விஷயம் தொடங்குவதே மூன்று மணிக்குப் பிறகுதான். அதுவரை வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை. செயன்முறை விளக்கத்துக்கு வீணையையும் கொண்டு வாருங்கள் என்று கடிதத்தில் எழுதுவது சுகம். நாலடி நீள வீணையைச் சனம் நிறைந்த பஸ்ஸில் கொண்டுவந்து பாருங்கள். வீணையில் விரல் வைத்து அழுத்துகிற மெட்டுகள் மெழுகில் பதித்தவை, வெயில் படுகிற இடத்தில் நெடுநேரம் கிடந்தால் மெழுகு இளகி சுரஸ்தானமே மாறிவிடும்.

அடுத்தது சத்தம். சங்கீத ஆசிரியர்களின் மாநாட்டுக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் வாகனத் தரிப்பிடம், ஏ.சி., சாப்பாட்டு மேசை எல்லாம் பார்க்கிறார்கள். மேடையில் நின்று ஒருக்கால் கை தட்டிப் பார்த்தவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை. சுவர் 17 மீற்றர் தூரத்தில் இருந்தால் தட்டிய சத்தம் போய்த் திரும்பிவர ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு ஆகும், அப்போது காதுக்கு அது தனிச் சத்தமாகவே விழும். டைல்ஸ் நிலம், கண்ணாடிச் சன்னல், மொட்டைச் சுவர், இதெல்லாம் சத்தத்தை விழுங்காது, திருப்பித் திருப்பி எறியும். கல்யாணத்துக்கு அது பிழையில்லை, கெட்டிமேளம் அதிர வேண்டும்தானே. வேகமான மூன்றாம் காலத்தில் அலங்காரம் என்கிற சுரப் பயிற்சியைப் பாடிக் காட்டினால்தான் வில்லங்கம், ஒரு சுரத்தின் வால் அடுத்த சுரத்தின் தலையில் ஏறி எல்லாம் கஞ்சியாகிவிடும். அதை மறைக்க மைக்கைக் கூட்டுவார்கள், இன்னும் மோசமாகும். ஏ.சி. அறைக்குள் சுருதி சேர்த்த மிருதங்கத்தை வெளியே கொண்டு வந்தால் தோல் ஈரத்தை இழுத்து இறங்கிவிடும் என்பது மிருதங்க ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துப் பாடசாலை மண்டபங்கள் பலதும் அரைச்சுவர் வைத்தவை. வெளியே போன சத்தம் திரும்பி வராது, அதனால் பாட்டு தெளிவாகக் கேட்கும். தகரக் கூரையென்றால் மழைக்கு ஒன்றும் கேட்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஏ9 ஓரத்தில் இருந்தால் லொறிச் சத்தம் வேறு. வீதியை விட்டு உள்ளே தள்ளிய பாடசாலையாகப் பார்க்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் மணமகள் அறை ஒன்று, மணமகன் அறை ஒன்று, வயலினை ஒன்றிலும் மிருதங்கத்தை மற்றதிலும் விட்டால் வாய்ப்பாட்டுக்காரர் சமையற்கட்டில்தான் இருக்க வேண்டும். பாடசாலையில் வகுப்பறைக்கு என்ன பஞ்சம்? சாதாரண தரச் செயன்முறைப் பரீட்சைக்குப் பிள்ளைகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்பதைச் சின்னச் சின்னக் குழுவாக இருந்துதான் கதைக்க முடியும்.

இன்னொன்று. ஒவ்வொரு வருடமும் நிகழ்ச்சி நிரலின் அடியில் கிராமிய இசை என்று ஒரு வரி போட்டு, பதினைந்து நிமிடம் கொடுத்து, அதையும் நேரமில்லை என்று வெட்டுகிறார்கள். முள்ளியவளையில் கோவலன் கூத்துப் பாடுகிற அண்ணாவிமார், அதாவது கூத்துப் பழக்குகிற ஆசான்கள், இருக்கிறார்கள், மன்னாரில் கத்தோலிக்கக் கூத்து மரபே தனியாக இருக்கிறது, நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டு ஞாபகம் வைத்திருக்கிற வயதான ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். வட்டக்களரி என்கிற வட்டமான கூத்து மேடையில் மைக் இல்லாமல் சுற்றி இருந்த சனம் முழுக்கக் கேட்கப் பாடிய குரல்களை ஏ.சி. மேடையில் நிறுத்தி மூன்று நிமிடத்தில் முடியுங்கோ என்றால் எப்படி? பாடசாலை மைதானத்தில் ஒரு மரநிழலைக் கொடுங்கள், இரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

தங்குமிடம் இல்லை என்பார்கள். சரி, மாங்குளத்தில் பெரிய விடுதிகள் இல்லை, இரவு தங்க வேண்டியவர்களைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தங்க வைக்கலாம். நான் அதைவிடக் கவலைப்படுவது மலசலகூடத்தையும் தண்ணீரையும் பற்றித்தான். எங்களில் பெரும்பாலானோர் பெண்கள், வரட்சிக் காலத்தில் பாடசாலைக் கிணறு எப்படியிருக்கும் என்று அதிபரிடம் முதலே கேட்டு, தேவையென்றால் பவுசரில் தண்ணீர் எடுப்பிக்க வேண்டும்.

திகதியும் இதோடு சேர்ந்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஓகஸ்ட் விடுமுறையில் வைத்தால் நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, 15ஆம் திகதியை ஒட்டி மடுத் திருவிழாச் சனமும் பஸ்களை நிரப்பும். சோளகம் என்கிற தென்மேல் காற்று அடிக்கிற மாதங்களில் வெட்டவெளியில் மைக் வைத்தால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும், மரநிழல் அமர்வைக் காலையிலேயே வைத்துவிடலாம்.

ஏற்பாட்டுக் குழுவிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இரண்டு பேர் ஒரு சுருதிப் பெட்டியோடு வந்து மண்டபத்தைப் பாருங்கள். ஒருவர் மேடையில் இருந்து தொடக்கப் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும் மைக் இல்லாமல் பாடட்டும், மற்றவர் கடைசி வாங்கில் இருந்து கேட்கட்டும். அதையே யாழ்ப்பாண மண்டபத்திலும் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அதுதான் நல்லது என்றால் நாங்கள் வருகிறோம், ஆனால் வன்னியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பஸ்ஸை ஒழுங்கு செய்து, செயன்முறை அமர்வுகளை மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்து, பொன்னாடைகளைப் பின்னேரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

இப்படிக்கு,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
துணுக்காய்.