சிறு வீடு, மனை முதலீட்டாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் பலவாறாக இருந்தாலும், பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து முட்டின. வாடகை மாதம் தவறாமல் வருகிறது, கையில் ஏன் காசு நிற்பதில்லை? அதனால் அறிக்கையில் அந்தக் கணக்குக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

வாங்கிய விலையை 100 என்றும் ஆண்டு வாடகையை 6 என்றும் வைத்துக்கொள்வோம். விற்பவரும் தரகரும் ‘ஆறு சதவீதம்’ என்பார்கள். பத்திரச் செலவு, தரகு, குடிவைக்கும் முன் செய்த பழுதுவேலை எல்லாம் சேர்ந்து 8 ஆகியிருந்தால், உண்மையில் போட்ட முதல் 108. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் 0.5 போய்விடும். வரி, காப்பீடு, பராமரிப்புக்கு 1.2 ஒதுக்கினால் மிஞ்சுவது 4.3. அதாவது போட்ட முதலுக்கு 4 சதவீதம்கூட இல்லை. விலையில் 70 பங்கு கடன், வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் தவணைக்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 7 போகும். குறைகிற 2.7-ஐ உரிமையாளர் தன் சம்பளத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அசலும் கொஞ்சம் கரைவதால் இதை முழு நட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் மாதாமாதம் கைக்காசு போகும் என்பது வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அசல் கரையும் வேகமும் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு லட்சம் கடன், 8 சதவீதம், 240 மாதம் என்றால் மாதத் தவணை 836. முதல் மாதம் அதில் 667 வட்டிக்கே போய், 169 மட்டும் அசலில் கழிகிறது. மாறும் வட்டிக் கடனில் தொடக்கத்திலேயே வட்டி 9 ஆகி, தவணை அதே 836-ஆக நின்றால், கடன் முடிய 304 மாதம் பிடிக்கும். தவணை ஏறவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர் ஐந்து ஆண்டுக்கு மேல் கூடுதலாகக் கட்டுகிறார். தவணையை 900 ஆக்கிக்கொண்டால் பழைய காலத்திலேயே முடிந்துவிடும். வட்டி மாறியதாகக் கடிதம் வந்தால், தவணையைப் பார்ப்பதற்கு முன் மீதமுள்ள மாதங்களைப் பாருங்கள்.

வாடகையை ஏற்றிக் கேட்டு வீட்டைக் காலியாகப் போட்டு வைப்பதும் இதே வகைத் தவறு. 5 சதவீதம் கூடுதல் வாடகைக்காக ஒரு மாதம் காத்திருந்தால், போன ஒரு மாத வாடகை திரும்பிவர 20 மாதம் ஆகும். வந்தவர் அதற்குள் காலி செய்துவிட்டால் காத்திருந்தது வீண். ஒழுங்காக இருக்கும் வாடகைதாரரைச் சிறு உயர்வுக்காக இழக்க வேண்டாம் என்பதே செயற்குழுவின் கருத்து. குறைந்தது மூன்று மாதத் தவணையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள். முன்பணம் திருப்பித் தரவேண்டிய பணம், அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பழுதுகளில் அதிகம் பேசப்பட்டது ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம். சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதன்மேல் பெயின்ட் அடிப்பது பணத்தைச் சுரண்டிக் கொட்டுவதற்குச் சமம்; மீண்டும் பொருக்காக உரிந்துவிடும். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: குழாய்க் கசிவு, மேல்தளக் குளியலறை, அடித்தளம் எனத் தேட வேண்டும். வெளிப்புறத்தில் நீர் கோத்திருந்தால் அறைக் காற்றின் ஈரம்; காற்றோட்டம் செய்தால் போதும். தண்ணீர்க் கட்டணம் காரணமின்றி ஏறினால், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் நகர்ந்திருந்தால் கழிப்பறைத் தொட்டியில் சில சொட்டுச் சாயம் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். சாயம் கோப்பைக்குள் இறங்கியிருந்தால் தொட்டியின் அடிவால்வு ரப்பர் தேய்ந்திருக்கிறது.

மனை வாங்குவோர் நான்கு பக்கமும் அளந்ததும் நாடாவைச் சுருட்டிவிடுகிறார்கள். மூலைக்கு மூலையும் இழுங்கள். 30க்கு 40 மனையில் இரண்டு குறுக்களவும் 50 அடி வர வேண்டும். ஒன்று 45, மற்றது ஏறக்குறைய 54½ என்று வந்தால் பக்கங்கள் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கிறது. 1,200 சதுர அடி 1,176 ஆகிவிடும். அந்த 24 சதுர அடி போவதைவிட, நேர்மூலையாகப் போட்ட வீட்டு வரைபடம் மனைக்குள் அடங்காமல் போவதுதான் பெரிய தொல்லை. ஆவணங்களில் நகலை நம்பாமல் அசலைக் கேளுங்கள். விற்பவர் வாரிசாக வந்தவர் என்றால் மற்ற வாரிசுகளின் கையெழுத்து இருக்கிறதா, மனைக்குப் போகும் பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ‘எல்லாரும் இந்த வழியாகத்தான் போகிறோம்’ என்ற பேச்சு பாதை உரிமை ஆகாது.

வாடகைதாரர் உள்ளே வரும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து அறைவாரியாகப் படம் எடுத்து, மீட்டர் அளவையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். முன்பணத் தகராறுகளில் பல, வெளியேறும் நாளில் மட்டும் படம் எடுப்பதால் வருபவை.

நண்பர்கள் சேர்ந்து வாங்குவது பற்றியும் கேட்டார்கள். ஒருவர் பாதியில் விலக நினைத்தால் அவர் பங்கை யார் வாங்குவது, விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் பணம் தருவது என்ற மூன்றையும் வாங்கும் முன் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டவர்கள் எழுதுவதே இல்லை.

வரும் ஆண்டில், வாங்கத் திட்டமிடும் உறுப்பினர்கள் மேலே காட்டிய கணக்கைத் தங்கள் எண்களோடு ஒரு தாளில் எழுதி ஆலோசனைக்கு எடுத்துவர வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. காலி மாதத்தைக் கழிக்காத தாள் திருப்பித் தரப்படும். இந்த முன்மொழிவையும் அறிக்கையையும் பேரவை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்