கருவாட்டுக் களத்தில் காய்ந்த நோட்டு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், பக்கத்து ஊர் கால்பந்து கிளப்புகளுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் போன் செய்துகொண்டிருந்த நம் பிள்ளைகளுக்கும்,

நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை. காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் கடல் மட்டும் எழுந்து வந்த அந்த மத்தியானம் எல்லார் கண்ணிலும் இன்னும் நிற்கிறது. கள்ளக்கடல் என்று நம் பெரியவர்கள் சும்மாவா பேர் வைத்தார்கள்! உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மாதாவுக்கு முதல் நன்றி.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கிளப் அறையின் கதவை உடைத்த பையன்களுக்கு நன்றி. சாவி என்னிடம்தான் இருந்தது; நான் தக்கலையில் இருந்தேன். கோப்பைகளைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நீங்கள் வெளியே வந்த போட்டோவை ஊரே பார்த்துச் சிரித்தது. அந்த நாளில் சிரிக்க வேறொன்றும் இருக்கவில்லை. சமூகக்கூடத்தைத் திறந்துவிட்ட பங்குத்தந்தைக்கும், மூன்று நாள் கஞ்சியும் பயறும் மரச்சீனிக் கிழங்குமாக எங்களைப் பார்த்துக்கொண்ட அருட்சகோதரிகளுக்கும் அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கக் குழு) பெண்களுக்கும் நன்றி. போன வருடம் அரையிறுதியில் எங்களோடு கைகலப்பு வரைக்கும் போன வடக்கே உள்ள ஊர்க்காரர்கள் இரண்டு பந்தும் ஒரு செட் ஜெர்சியும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அவர்களுக்கும் நன்றி. அந்தப் பெனால்டி பெனால்டிதான், அதில் மாற்றம் இல்லை.

இனி நோட்டு விஷயம்.

நம் கிளப்புக்கு ஒரு நோட்டு உண்டு என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டு. எழுபதுகளில் தொடங்கியது. செயலாளர் கைமாறும்போது சாவியோடு அதுவும் கைமாறும். என் கைக்கு வந்து சில வருடமாகிறது. அதை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தரையில் வைத்திருந்தேன். 'போனில் படம் எடுத்து வை அண்ணே' என்று பையன்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். எடுக்கவில்லை. குற்றம் என்னுடையது, இதையும் எழுதிவிடுகிறேன்.

அதில் என்ன இருந்தது என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாமே இருந்தது. முதல் பக்கத்தில் கோல் கம்பத்தின் அளவு: 'அகலம் நாலு பாகம், உயரம் ஒரு பாகமும் ரெண்டடியும்.' ஆழம் பார்க்கிற பாகக் கணக்கு. ஒரு பாகம் ஆறடி. நாலு பாகம் இருபத்து நாலடி, ஒரு பாகமும் ரெண்டடியும் எட்டடி. உலகமெல்லாம் 7.32 மீட்டர், 2.44 மீட்டர் என்று சொல்கிற அதே கம்பம்தான். மீட்டர் தெரியாத கடப்புறத்தில் ஒரு விரற்கடை பிசகாமல் நட்டிருக்கிறார்கள்.

அடுத்து சந்தாக் கணக்கு. காசாக இல்லை, மீனாக. கரைக்கு வந்த வள்ளத்துக்கு ஒரு மீன். 'சூரை 1, விற்ற வகையில்' என்று எழுதி எதிரே ரூபாய். அந்தப் பணத்தில் தோல் பந்து, உள்ளே போடுகிற பிளாடர், பம்ப் ஊசி. வாயில் லேஸ் போட்டுக் கட்டுகிற பந்து அது. ஈர மணலில் பத்து நிமிடம் உருண்டால் தண்ணீரைக் குடித்துக் கல்லாகிவிடும். அதைத் தலையால் முட்டியவர்கள் இரண்டு பேர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

போட்டி நடந்த தேதிகளைப் பார்த்தாலே ஊரின் பிழைப்பு தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், திருவிழா. மற்ற நாளெல்லாம் நம் ஆட்கள் கொச்சிக்கும் மங்களூருக்கும் அப்பால், முப்பது நாள் நாற்பது நாள் ஆழ்கடலில். 'போட்டு (படகு) வரவில்லை, ஆட்டம் தள்ளிவைப்பு' என்று பதினேழு இடத்திலாவது வரும். இப்போது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடைக்காலம். உலகக் கோப்பையும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். கரையில் ஆண்கள் எல்லாரும் இருக்கிற ஒரே காலத்தில் கால்பந்து வந்து இறங்கினால் ஊர் என்ன ஆகும்! 1986 பக்கத்தில் 'டி.வி. வாடகை, பேட்டரி சார்ஜ்' என்று ஒரு செலவு இருக்கிறது. மரடோனாவைப் பார்த்த செலவு. இந்த ஊரில் பாதி வீட்டில் அர்ஜென்டினாவின் நீல வெள்ளைக் கொடி பறப்பதற்கு அந்த பேட்டரிதான் காரணம்.

கடைசிப் பக்கங்களில் பேப்பர் கட்டிங்குகள். குமரிக் கடற்கரையின் இரவிப்புத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆடிய செய்திகள், சென்னை சிட்டி கிளப் 2018-19 ஐ-லீக் கோப்பையைத் தூக்கிய படம். நம் கரைப் பையன்கள் கடற்கரை மணலில் பழகிய காலோடு எங்கெங்கே போனார்கள் என்பதற்கான சாட்சி.

நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. 2017 நவம்பரில், கிறிஸ்துமஸ் போட்டிக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதினொரு பெயர். அப்புறம் ஒக்கிப் புயல். அடுத்த பக்கம் வெறும் பக்கம். அன்றைய செயலாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் நானும் எழுதவில்லை.

இந்த நோட்டுதான் ஒரு ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தது.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோது நோட்டு இரண்டு மடங்கு வீங்கி, ஓரத்தில் மணலோடு, ஈரச் செங்கல் மாதிரி கிடந்தது. அதைக் கொண்டுபோய் வெயிலில் விரிக்கப் போனேன். பக்கத்துக் களத்தில் மிச்சம் மீதி கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாமி அங்கிருந்தே கத்தினார்.

"ஏ மக்களே, அத வெயில்ல போடாத! சுருண்டு போவும்."

மாமியின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். களத்து மாமி என்றால் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவருடைய சரக்கில் பாதிக்கு மேல் கடல் கொண்டுபோயிருந்தது. அதை விட்டுவிட்டு வந்து நோட்டைக் கையில் வாங்கினார். நான் அட்டையைத் திறக்கப் போனேன், கையில் ஒரு தட்டு. "தொறக்காத. ஊறினதத் தொறந்தா பிஞ்சு கையோட வரும். மொதல்ல உப்பு போவணும். உப்பு இருந்தா காயாது. காஞ்ச மாதிரி காட்டும், மழ வந்தா பழையபடி நனையும்."

ஐம்பது வருடம் கருவாடு போட்டவருக்குத் தெரியாதா உப்பு எப்படி ஈரத்தை இழுக்கும் என்று! வீட்டிலிருந்து பெரிய அண்டாவை எடுத்து வந்தார். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர். ஊர்க் குழாயில் தண்ணீர் வராத நாள் அது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பிடித்தது. அதை அண்டாவில் ஊற்றி, நோட்டை மூடியபடியே உள்ளே அமுக்கி, மெல்ல அசைத்து எடுத்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி. மூன்று தடவை. மூன்றாவது தடவை விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "போதும்" என்றார்.

அப்புறம் நிழல். சமூகக்கூடத்தில் நெத்திலி காயப் போடுகிற வலையை நாலு நாற்காலிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அதன் மேல் நோட்டு. அடியிலும் காற்றுப் படவேண்டுமாம். பழைய முண்டு இரண்டைக் கிழித்துத் துண்டு துண்டாக்கி, பிரிகிற பக்கங்களுக்கு இடையில் மட்டும் வைத்தார். பிரியாததை விட்டுவிட்டார். நான் அவசரப்பட்டு ஒன்றைப் பிரிக்கப் போனபோது, "அது தானா விடும். நீ போய் சாய குடிச்சிட்டு வா" என்றார். மணிக்கொரு தடவை ஈரத்துணியை எடுத்துவிட்டுக் காய்ந்த துணி. ராத்திரி மின்விசிறி. நாலு நாள். பிளஸ் டூ படிக்கிற பேத்தி கூடவே இருந்து துணி மாற்றினாள். அந்த வெறும் பக்கம் வந்தபோது மட்டும் மாமி அவள் கையிலிருந்து துணியை வாங்கித் தானே வைத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

முழுசாகத் தப்பவில்லை. ஆரம்பத்தில் மைப்பேனாவில் எழுதிய பதினாறு பக்கமும் நீல மேகமாகிவிட்டன. கோல் கம்ப அளவு எனக்கு மனப்பாடம், அதனால் பிழைத்தது. முதல் கேப்டன் யார் என்பது போய்விட்டது. அதற்கு இரண்டு பெரியவர்கள் கூடத்துக்கு வந்து, நான்தான் நான்தான் என்று ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதியது எல்லாம் இருக்கிறது. பென்சிலில் எழுதியது நேற்று எழுதியது மாதிரி இருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது இனிமேல்தான்.

மூன்றாம் நாள், பேத்தி காய்ந்த பக்கங்களைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். மாமி கேட்டுக்கொண்டே துணி மடித்தார். வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எனக்கு எந்தப் பக்கம் என்று புரிந்துவிட்டது. "வாசி" என்றார் மாமி.

'பந்து 1 (புதியது) கருவாட்டுக் களத்தில் கத்தியால் கிழிக்கப்பட்டது. களத்துக்காரியின் செயலை இந்தக் கூட்டம் வன்மையாகக் கண்டிக்கிறது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.'

அந்தப் பந்தை அடித்தவன் நான். பதினேழு வயது, கோல்கீப்பர். சொந்த ஆள் காலால் திருப்பிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992இல் வந்தது. நம் ஊருக்கு வந்து சேர இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. உள்நாட்டிலிருந்து வந்த ஒரு நடுவர் அதை வைத்து எங்களுக்கு எதிராக ஒரு ஃப்ரீகிக் கொடுத்துவிட்டுப் போக, மறுநாளிலிருந்து எனக்குக் காலால் அடிக்கிற பயிற்சி. பந்து காலுக்கு வந்தாலே கை நடுங்கும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். நேரே களத்தில், காய்ந்துகொண்டிருந்த நெத்திலியின் நடுவே போய் விழுந்தது. எடுக்க ஓடினவர்கள் ஆறு பேர், பன்னிரண்டு கால். மாமி கையில் கத்தியோடு எழுந்ததுதான் நினைவிருக்கிறது.

கூடத்தில் ஒரு நிமிடம் மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். மாமி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"நெத்திலி எவ்வளவு போச்சுண்ணு எழுதல்லியா?"

எழுதவில்லை.

"ரெண்டு கடவம். வட்டிக்கு வாங்கிப் போட்ட சரக்கு."

கடவம் என்றால் பெரிய கூடை. கோபமாகச் சொல்லவில்லை. விலை சொல்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போய் அடுத்த பக்கத்துத் துணியை மாற்றினார்.

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. மறுநாள் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கிழிந்த பந்து, தொலைந்த விசில், பம்ப் ஊசி ஒன்று கடன் கொடுத்தது வரை எழுதியிருக்கிறோம். கோல் வலையை வருடா வருடம் பின்னிக் கொடுத்த பெண்கள் பேர் ஓரிடத்திலும் இல்லை. 'வலை, செலவு இல்லை' என்று மட்டும் இருக்கிறது. 'நாற்பது பேர் சாப்பாடு' என்று இருக்கிறது, ஆக்கிப் போட்டவர் யாரென்று இல்லை. கிளப் வரலாறு என்று நான் மேடையில் பேசியதெல்லாம் பந்துக்குப் பின்னால் ஓடினவர்களின் கணக்கு மட்டும்தான் போல. ஒரு பக்கத்துக் கணக்கை வைத்துக்கொண்டு தீர்மானமும் ஏகமனதாகப் போட்டிருக்கிறோம்.

ஆகவே செயலாளர் என்ற முறையில் சில காரியங்கள். கண்டனத் தீர்மானத்தை ரத்து செய்தாகிவிட்டது, இதுவும் ஏகமனதாகத்தான். நோட்டு முழுவதையும் பையன்கள் படம் எடுத்துவிட்டார்கள். வேண்டும் என்பவர்கள் கேளுங்கள். நோட்டு இனி தரையில் இருக்காது. மைதானத்துக்கும் களத்துக்கும் நடுவில் கம்பம் நட்டு, பந்து போகாதபடி வலை கட்டுகிறோம். கிறிஸ்துமஸ் போட்டிக்கு முன்னால் முடியும். வலை பின்னுகிறவர்களுக்குக் கூலி உண்டு, அவர்கள் பேரும் எழுதப்படும். வீட்டில் பழைய போட்டோ, பரிசுச் சீட்டு, எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். அந்தப் பதினாறு பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. முதல் கேப்டன் பிரச்சினைக்கு மட்டும் இரண்டு பேரையும் எழுதிவிடுகிறோம்.

புது நோட்டு வாங்கியாயிற்று. இனி பென்சிலில்தான் எழுதுவது. முதல் பக்கத்தில், பாகக் கணக்குக்கும் முன்னால், ஒரே வரி: 'பழைய பாக்கி, நெத்திலி, 2 கடவம்.'

போன ஞாயிறு பூசை முடிந்து அந்த நெத்திலிக்குரிய பணத்தை ஒரு கவரில் போட்டு, நிர்வாகிகள் ஐந்து பேரும் மாமி வீட்டுக்குப் போனோம். மாமி கவரைத் திறந்து எண்ணிப் பார்த்தார். திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"வட்டி எங்க மக்களே? கணக்குப் போட்டு எடுத்துட்டு வா."

கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நன்றியுடன்,
கிளப் செயலாளர்
(பழைய கோல்கீப்பர்)