நாற்காலி கொடுப்பதற்கு முன்

அன்புள்ள மகளுக்கு,

நீ பேசி நாற்பது நாள்கள் ஆகின்றன. வேலை அதிகமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அப்பா நலமாக இருக்கிறார். பின்கட்டு அறை அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் தொண்டு நிறுவனம் வறுமையில் வாடும் வீடுகளில் உள்ள மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலி வழங்கவிருப்பதையும், அந்தப் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதையும் உன் அத்தை சொல்லித்தான் அறிந்தேன். பெருமையாக இருந்தது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றும் இருந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு குழந்தையையும் உட்காரவைத்து, இடுப்பின் அகலத்தையும் தொடையின் நீளத்தையும் முழங்காலிலிருந்து பாதம் வரையுள்ள உயரத்தையும் அளந்து பாருங்கள். இருக்கை அகலமாக இருந்தால் பிள்ளை ஒருபக்கமாகவே சாய்ந்து உட்காரும், நாளடைவில் முதுகெலும்பும் வளைந்துவிடக்கூடும். தகுந்த மெத்தை இல்லாவிட்டால் அழுத்தத்தால் புண் வரும், உணர்ச்சியற்ற இடமாக இருந்தால் புண் வந்திருப்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது. வளரும் உடம்பு என்பதால் ஒருமுறை அளந்தால் போதாது, சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். படம் எடுப்பதும் நன்கொடையாளர்களுக்கு அனுப்புவதும் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகள் ஏதேனும் ஒரு குறைபாட்டுடன் வாழ்வதாக யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. பத்தில் ஒரு குழந்தை. அவ்வளவு பேருக்கும் எப்போது போய்ச் சேருவது என்ற அவசரம் உங்களுக்கு இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனாலும் அளந்து பார்க்காமல் கொடுக்காதே.

தம்பிக்கு நாற்காலி வந்த நாளில் நீ வாசற்படியில் நின்றிருந்தாய். வந்தவர்கள் நல்லவர்கள், "வசதியாக இருக்கிறதா?" என்று அவனிடம்தான் கேட்டார்கள். சொல் வெளியே வர அவனுக்கு எவ்வளவு நேரமாகும் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அந்த நேரத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. குறை சொன்னால் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, "ரொம்ப வசதிங்க" என்று நானே முந்திக்கொண்டேன். இருபுறமும் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்ததை நான் பார்த்தேன். புண் வந்த பிறகும் பழைய துணியை மடித்து வைத்துச் சமாளித்தேனே தவிர, அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ அன்று என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குத் தன்னைப் பற்றிய விஷயத்தில் தன் கருத்தைச் சொல்லவும், அதற்குத் தேவையான உதவியைப் பெறவும் உரிமை உண்டு என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் ஏழாவது பிரிவு சொல்கிறதாம். அதை நீ வைத்துவிட்டுப் போன கையேட்டில் சென்ற வாரம்தான் படித்தேன்.

தாய்மார்கள் "வசதிதான்" என்பார்கள், நம்பிவிடாதே. பிள்ளை பதில் சொல்லி முடிக்கும் வரை காத்திரு. எனக்குப் பதில் எழுத நேரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அளந்து பார்த்தோம் என்று ஒரு வரி மட்டும் எழுது.

அன்புடன்,
அம்மா