மலேசியத் தமிழ்ச் செய்தித் தளங்களை நடத்துறவங்களுக்கு: உங்க ஃபீடைத் திறந்து விடுங்க

வணக்கம். தமிழ்ல செய்தித் தளம் நடத்துற ஆசிரியர்களுக்கும், அந்த அகப்பக்கத்தைப் பின்னால இருந்து பார்த்துக்கிற டெக்னிக்கல் ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான், புதுச் செய்தியை வாசகர்கிட்ட நேரா கொண்டு சேர்க்கிற ஃபீடைப் பத்தி இதை எழுதுறேன். ஏன்னா ஆசிரியர்கிட்ட சொன்னா அது வெப் ஆளு வேலைம்பாரு, வெப் ஆளுகிட்ட சொன்னா ஆசிரியர் சொன்னாதான் தொடுவேன்பாரு, ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சாதான் காரியம் நடக்கும்.

நான் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன்ல போட்டோகாப்பி கடை வச்சிருக்கேன். காப்பி எடுக்குறதோட பாரம் நிரப்புறது, அரசாங்க உதவிக்கு ஆன்லைன்ல மனு போடுறது, பிள்ளைங்களுக்கு அசைன்மெண்ட் பிரிண்ட் பண்றது எல்லாம் நடக்கும். சுத்தி இருக்கிற தோட்டங்கள்ல இருந்தும், தோட்டம் போய் தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி, ஆன இடங்கள்ல இருந்தும் ஆளுங்க வருவாங்க. வந்தவங்க வேலை முடிஞ்சும் உடனே போறதில்ல, கம்ப்யூட்டர்ல தமிழ்ச் செய்தி பார்த்துட்டுத்தான் போவாங்க, பெரிய ஸ்கிரீன்ல எழுத்து பெருசா தெரியுதுன்னு. 1924-ல ஆரம்பிச்ச தமிழ் நேசன் பத்திரிகை 2019-ல நின்னு போனப்ப அதையே படிச்சு வளர்ந்த பெருசுங்க எத்தனையோ பேர் கை ஒடிஞ்ச மாதிரி ஆயிட்டாங்க, அவங்கள்ல சிலர் இப்ப உங்க வாசகர்.

அவங்களுக்காகத்தான் கடை பிரவுசர்ல ஃபீட் ரீடர் போட்டு வச்சிருக்கேன். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன். உங்க தளத்துல புதுசா ஒண்ணு போட்டதும் தலைப்பு, நேரம், செய்தி, லிங்க் இது மட்டும் ஒரு தனி ஃபைல்ல ஏறும், அதுதான் ஃபீட், ஆர்எஸ்எஸ்ன்னும் சொல்லுவாங்க. வாசகரோட பிரவுசர்ல இருக்கிற ஃபீட் ரீடர் அந்த ஃபைலை அப்பப்ப போய்ப் பார்த்து, புதுசு இருந்தா எடுத்துட்டு வந்து வரிசையா அடுக்கிடும். பத்து தளம் இருந்தாலும் பத்தையும் தனித்தனியா திறக்க வேண்டாம், எல்லாம் ஒரே பக்கத்துல நேர வரிசையில இருக்கும், படிச்சது மங்கிடும், படிக்காதது தடிச்ச எழுத்துல நிக்கும். விளம்பரம் மேல வந்து விழாது, கணக்கு திறக்கச் சொல்லாது, டேட்டாவும் கொஞ்சம்தான் போகும். பிரீபெய்ட்ல டேட்டா போட்டு ஓட்டுற வீடுங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லைங்க.

ஃபேஸ்புக்லதான் எல்லாம் போடுறோமேன்னு நீங்க சொல்லலாம். போடுறீங்க, ஆனா அது யாருக்கு எப்பக் காட்டுதுன்னு உங்களுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது. மனு போடக் கடைசி நாள் போன வாரம்ங்கிற செய்தி இந்த வாரம் வந்து நிக்கும். மரண அறிவிப்பு கருமக்கிரியை முடிஞ்ச பிறகு கண்ணுல படும், எங்க ஊர்ல இதெல்லாம் நடந்திருக்கு, ஒரே தோட்டத்துல ஒண்ணா வேலை செஞ்சவங்க கடைசி முகம் பார்க்க முடியாம போயிருக்காங்க. புலனம் (வாட்ஸ்அப்) குரூப்ல வர்றது இன்னும் மோசம், யார் எழுதினது எந்த வருஷத்துச் செய்தின்னு ஒண்ணும் இருக்காது. ஃபீட்ல வர்றது மட்டும்தான் உங்க கையில இருந்து நேரா எங்க கைக்கு வர்றது, நடுவுல யாரும் கிடையாது. அதுக்காகத்தான் இவ்வளவு கெஞ்சுறேன்.

இது ஒண்ணும் புது விஷயம் இல்ல. 1999-ல நெட்ஸ்கேப் கம்பெனியில டான் லிபியும் ராமநாதன் குஹாவும் சேர்ந்து செஞ்சது, குஹா ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவர். 2004-ல ஃபயர்ஃபாக்ஸ் வந்தப்பவே லைவ் புக்மார்க்ன்னு ஃபீடை பிரவுசருக்குள்ளயே வச்சிருந்தாங்க, ஆரஞ்சு கலர்ல சின்னதா ஒரு குறி தெரியும், அதைத் தட்டினா போதும். அப்புறம் 2013 ஜூலை 1-ஆம் தேதி கூகுளோட ஃபீட் ரீடரான கூகுள் ரீடரை மூடினாங்க, 2018 டிசம்பர்ல ஃபயர்ஃபாக்ஸ் 64 வந்தப்ப லைவ் புக்மார்க்கையும் எடுத்துட்டாங்க, அதோட எல்லாரும் ஃபீட் செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்க. சாகலைங்க. ஃபீட்புரோன்னு ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசர்ல கூடுதலா சேர்த்துக்கிற சின்ன புரோகிராம், இருக்கு, கடையில நான் வச்சிருக்கிறதும் அதுதான். விவால்டி பிரவுசர் 2021-ல இருந்து ஃபீட் ரீடரை உள்ளேயே வச்சுத் தருது. பிரவுசர் வேணாம்னா தண்டர்பேர்ட் மெயில்லயும் படிக்கலாம். படிக்கிறதுக்கு வழி நிறைய இருக்கு, பிரச்சினை உங்க பக்கம் ஃபீட் ஒழுங்கா இல்லாததுதான், அதை இனிமே விவரமா சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல நேரம். ஒரு தளம், பேர் வேண்டாம், காலையில ஏழு மணிக்குப் போடுற செய்தி எங்க ரீடர்ல சாயங்காலம் மூணு மணின்னு காட்டுது. கடைக்கு வர்ற ஒரு தாத்தா, அந்தக் காலத்துல பால்மரம் சீவினவர், பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்துட்டு "ஏம்மா, மணி பத்துதானே ஆவுது, இது மூணுங்குதே, நேத்துச் செய்தியா இது?"ன்னு கேட்டார். நான் ஃபீட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். தேதி இருக்கிற வரியில நேரம் 07:00:00, பக்கத்துல +0000. அதான் கோளாறு. நம்ம நாட்டு நேரத்தைப் போட்டுட்டு லண்டன் பக்கத்துக் கணக்கைப் பேர் எழுதி ஒட்டிட்டாங்க, ரீடர் பாவம் அதை நம்பி எட்டு மணி நேரத்தைக் கூட்டிடுது. +0800-ன்னு இருந்திருக்கணும். இதுல இன்னொரு கெடுதல், வராத மணியைப் போட்டுக்கிட்டு வர்ற செய்தி நேர வரிசையில மேலேயே உட்கார்ந்துக்கும், மத்த தளத்துல ஒன்பது மணிக்கு வந்த வெள்ளச் செய்தி அதுக்குக் கீழ போயிடும். தளம் நடத்துறதுக்கான வேர்ட்பிரஸ் சாப்ட்வேர் வச்சிருக்கிறவங்க ஜெனரல் செட்டிங்ஸ்ல டைம்சோன் கோலாலம்பூர்ன்னு இருக்கான்னு பார்த்துக்குங்க. சொந்தமா சிஸ்டம் எழுதி வச்சிருந்தா அந்த எழுதின ஆளைக் கூப்பிட்டு ஒரு வரியை மாத்தச் சொல்லுங்க.

அடுத்தது வெட்டுறது, இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம், ஏன்னா இது தமிழுக்குன்னே வர்ற கோளாறு. செய்தியை முழுசா தராம முதல் ரெண்டு வரியோட நிறுத்துற தளங்கள்ல சிலது எழுத்தை எண்ணாம, எழுத்தைச் சேமிக்கிற சின்ன அளவான பைட்டை எண்ணி வெட்டுது. இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு ஒரு பைட், வெட்டினாலும் சேதம் இல்ல. எழுத்தைக் கம்ப்யூட்டர்ல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில தமிழுக்கு அப்படி இல்ல, 'க' மட்டுமே மூணு பைட், 'கி' போட்டா அதுல கொக்கிக்கு இன்னொரு மூணு, ஆக ஆறு. 200 பைட்ல கண்ணை மூடிக்கிட்டு வெட்டினா பல நேரம் ஒரு எழுத்தோட வயித்துலதான் கத்தி இறங்கும். நல்ல நேரமா இருந்தா கடைசியில ஒரு கேள்விக்குறி கட்டம் தெரியும். கெட்ட நேரமா இருந்தா ஃபைலே உடைஞ்சிடும், ஃபீடுங்கிறது எக்ஸ்எம்எல்ங்கிற கண்டிப்பான ஃபைல் வடிவம், அதுல ஒரு இடத்துல தப்பு இருந்தாலும் மொத்தத்தையும் ஒத்துக்காம தள்ளிடுற ரீடர் இருக்கு, அன்னிக்கு உங்க தளத்துல இருந்து ஒரு செய்தியும் வராது. வாசகர் என்ன நினைப்பார்? இவங்க இன்னிக்கு ஒண்ணும் போடலை போலன்னு நினைச்சுட்டு வேற பக்கம் போயிடுவார். தலைப்புல அண்ட் குறியை (&) அப்படியே போட்டாலும் இதே கதிதான், அதை எஸ்கேப் பண்ணி, அதாவது & அப்படின்னு மாத்தி எழுதித்தான் அனுப்பணும். வெப் தரத்தை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பே இலவசமா ஒரு ஃபீட் வாலிடேட்டர், அதாவது ஃபீடைச் சோதிக்கிற பக்கம், வச்சிருக்காங்க, உங்க அட்ரஸைப் போட்டா எந்த வரியில கோளாறுன்னு காட்டிடும். வெட்டித்தான் ஆகணும்னா இடைவெளி பார்த்து, ஒரு சொல் முடியற இடத்துல வெட்டுங்க.

தமிழைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுல நம்ம நாட்டு ஆளுங்க பின்தங்கினவங்க இல்லைங்க. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல்ங்கிற தமிழ்த் தட்டச்சு சாப்ட்வேரைச் செஞ்சது இங்கதான், 2001-ல தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூர்லதான் நடந்துச்சு. தமிழ் எழுத்து ஒழுங்கா தெரியணும்னு அவ்வளவு பாடுபட்ட நாட்டுல, இன்னிக்கு நம்ம ஃபீட்லயே எழுத்து பாதியில அறுந்து வர்றதைப் பார்த்தா மனசு கேக்கமாட்டேங்குது.

சில தளங்கள்ல ஃபீடே இல்ல. விசாரிச்சா செக்யூரிட்டிக்காக ஆஃப் பண்ணிட்டோம்ங்கிறாங்க. ஃபீட்ல வர்றது நீங்க ஏற்கெனவே ஊருக்கே காட்டினதுதான், அதை மூடி என்னத்தைக் காப்பாத்துறீங்கன்னு எனக்கு விளங்கலை. இன்னும் சிலர் மூடலை, ஆனா ரோபோவைத் தடுக்க முன்னால ஒரு காவல் போட்டிருக்காங்க, பிரவுசர்ல திறந்தா வருது, ரீடர் போய்க் கேட்டா மனுஷன்தானான்னு நிரூபிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிடுது. ஃபீட் அட்ரஸுக்கு மட்டும் அந்தக் காவல் வேணாம்னு விதிவிலக்கு கொடுத்தா போதும்.

திருத்துற விஷயமும் ஒண்ணு இருக்கு. செய்தியில எழுத்துப்பிழை திருத்தினா அது திரும்பப் புதுச் செய்தியா வந்து நிக்குது, ஒரே விபத்தை மூணு தடவை படிச்சுட்டு மூணு விபத்துன்னு பயந்துக்கிட்டாங்க எங்க கடையில ஒரு அக்கா. ஒவ்வொரு செய்திக்கும் ஃபீட்ல ஒரு அடையாள எண் இருக்கும், எத்தனை தடவை திருத்தினாலும் அதை மட்டும் மாத்தாதீங்க.

இனி பெரிய கேள்வி, முழுச் செய்தியையும் ஃபீட்ல கொடுத்தா விளம்பரத்துக்கு யார் காசு கொடுப்பான்னு. உங்க கவலை நியாயமானதுதான், தமிழ்ல செய்தி போட்டு வெள்ளி சம்பாதிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு கடை நடத்துற எனக்கும் புரியும், நிருபருக்குச் சம்பளம் கொடுக்கணும், சர்வருக்குக் கட்டணும். அதனால எல்லாத்தையும் முழுசா கொடுங்கன்னு கேக்க மாட்டேன். கட்டுரை, பேட்டி, சினிமா இதெல்லாம் நாலு வரி கொடுத்து லிங்க் போடுங்க, வேணும்கிறவங்க வந்து படிப்பாங்க. ஆனா வெள்ளம், தண்ணி வெட்டு, உதவித்தொகைத் தேதி, பள்ளிப் பதிவு, மரண அறிவிப்பு, இதை மட்டும் முழுசா விடுங்க. அதுக்குன்னு தனி வகை வச்சு தனி ஃபீடா கொடுத்தா இன்னும் நல்லது, வேர்ட்பிரஸ்ல ஒவ்வொரு வகைக்கும் தானாவே ஃபீட் இருக்கு, வகையோட அட்ரஸுக்குப் பின்னால ஒரு சாய்கோடும் ஃபீட்ங்கிற சொல்லும் சேர்த்தா வந்துடும். முழுசா, சுருக்கமாங்கிற தேர்வு ரீடிங் செட்டிங்ஸ்ல இருக்கு. செய்தி முடியற இடத்துல உங்க விளம்பரதாரர் பேரை ஒரு வரி போட்டுக்குங்க, எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் இல்ல, சொல்லப்போனா ஸ்கிரீனை மறைக்கிற விளம்பரத்தை விட அந்த ஒரு வரியை எங்க ஆளுங்க நின்னு படிப்பாங்க.

மாநில வாரியா பிரிச்சா எங்களை மாதிரி ஊருக்குப் பெரிய உதவி. பேராக்னு ஒரு ஃபீட் இருந்தா தாத்தா அதை முதல்ல படிச்சுட்டு அப்புறம்தான் மத்ததுக்குப் போவார். இப்ப நான் ரீடர்ல சுங்கை சிப்புட், ஈப்போ, கோலகங்சார்னு சொல் போட்டு வடிகட்டி வச்சிருக்கேன், ஆனா ஊர் பேரை ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதுறீங்க, சிப்புட்ன்னு ஒருத்தர், சிப்புட்டுன்னு ஒருத்தர், வடிகட்டியில பாதி நழுவிடுது.

வாசகருக்கும் ஒரு வார்த்தை, ஃபீட்புரோ மாதிரி பிரவுசருக்குள்ளயே சேமிக்கிற ரீடர் வச்சிருந்தா மாசம் ஒரு தடவை சேர்த்து வச்ச தளங்களோட லிஸ்டை ஓபிஎம்எல்ங்கிற ஃபைலா எடுத்து வச்சுக்குங்க, பிரவுசரை யாராவது சுத்தம் பண்ணினா எல்லாம் போயிடும். ஆசிரியர்களும் உங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர்ல உங்க ஃபீடையே ஒரு ரீடர்ல சேர்த்து வச்சுப் பாருங்க, நான் இவ்வளவு எழுதினது ஒரே நாள்ல கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.

எல்லாத்தையும் ஒரே மூச்சுல செய்ய முடியாதுன்னு தெரியும். நேரத்தை முதல்ல சரி பண்ணுங்க, அடுத்து வெட்டுறதை. அது ரெண்டும் முடிஞ்சதும் ஃபீட் அட்ரஸை முகப்புப் பக்கத்து அடியில, ஃபேஸ்புக் குறி இருக்கிற வரிசையிலயே போட்டு, தளத்துலயும் ஒரு செய்தியா அறிவிச்சிடுங்க. எந்தத் தளம் அறிவிச்சாலும் அன்னிக்கே கடை கம்ப்யூட்டர்ல சேர்த்து, வர்றவங்களுக்கு அட்ரஸை பிரிண்ட் பண்ணியும் கொடுத்துடுறேன், அதுக்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட்ல இருந்து ஒரு வாசகி