காட்டுக்குள் பின்னேர ரோந்து எப்போது?

எங்கள் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரி ஐயாவுக்கும், வன அதிகாரி ஐயாவுக்கும்,

வணக்கம். குளக்கட்டுக்கு மேற்கே காட்டில் நடப்பது உங்களுக்குத் தெரியாதது அல்ல. கள்ளச் சாராயமான கசிப்புக் காய்ச்சுகிறவர்கள் கோடா ஊறல் பரல் புதைத்த காலம் போய், இப்போது ஐஸ் என்ற போதைப்பொருள் வந்துவிட்டது. பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் இலக்கத்தகடு இல்லாத மோட்டார் சைக்கிள்கள் உள்ளே போகின்றன. பாலை மரங்களுக்குக் கீழே கருகிய ஈயத்தாளும் உடைத்த பல்புகளும் கிடக்கின்றன.

போன கிழமை அங்கே பழம் பொறுக்கிய பெண்களைக் கத்தி காட்டி விரட்டியிருக்கிறார்கள். பாலைப்பழத்தைச் சுண்டுக் கணக்கில் வீதியோரம் விற்றுத்தான் அவர்கள் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குகிறார்கள். இப்போது வடக்குப் பக்கம் போகிறார்கள். அது யானை நிற்கிற பக்கம். "யானைக்கெண்டாலும் வெடி கொளுத்தலாம் தம்பி, இவனுகளுக்கு என்னத்தக் கொளுத்துற?" என்று கேட்டார் ஒரு மாமி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பின்னேரம் மூன்று மணி முதல் இருட்டும் வரை, நாள் சொல்லாமல், இரு தரப்பும் சேர்ந்து ரோந்து வாருங்கள்.

நீங்கள் வராமலும் இல்லை. காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது, பரலை உருட்டிப் படம் எடுத்தீர்கள். அந்நேரம் அங்கே குரங்குகள்தான் இருக்கும். தகவல் தரச் சொல்கிறீர்கள். தந்தவரின் பெயர் ஜீப்புக்கு முன்னே காட்டுக்குள் போய்ச் சேருகிறதே, அப்புறம் யார் தருவார்? பொலிசில் கேட்டால் காடு வன அதிகாரியுடையது, அங்கே கேட்டால் போதைப்பொருள் பொலிசுடையது. சைக்கிளில் ஒரு கட்டு விறகு வந்தால் மட்டும் காடு யாருடையது என்பதில் எவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சட்டம் போதாது என்றும் சொல்ல முடியாது. போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். விற்பவனுக்கு அது சரி. பாவிக்கிற பொடியன்மார் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை அடித்து நொறுக்கச் சொல்லவில்லை, சிகிச்சைக்கு அனுப்ப 2007 ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

உகந்தை முருகன் கோயில் திருவிழாக் காலத்தில் காட்டுப் பாதையில் பாதுகாப்புக்கு ஆள் நிறுத்த முடிகிறது. முருகனுக்கு முடிவது எங்கள் பெண்களுக்கும் முடியாதா? கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாலைப்பழப் பருவம் முடிவதற்குள் அந்தப் பின்னேர ரோந்தைத் தொடங்கித் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குளக்கட்டு ஊர்வாசி ஒருவர்
(பெயர் போடாததன் காரணம் மேலே இருக்கிறது.)